கட்டியை எடு, நரம்பை விடு

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு விருதுநகர் பக்கத்துச் சூலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்குபவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கன்னத்துக்குள் பஞ்சு இருக்கும். விரல் அடிக்கடி கீழுதட்டைத் தொட்டுப் பார்க்கும். உதடு கனத்துத் தொங்குவதாகத் தோன்றும்; கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "ரெண்டு மூணு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் குடிக்காதீங்க, உதட்டைக் கடிச்சிராதீங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். அதைக் கேட்காமல் டீக்கடையில் கிளாஸை வாயில் வைத்தவருக்கு, ஏன் அப்படிச் சொன்னார் என்பது மறுநாள் காலையில் விளங்கும். உதட்டில் கொப்புளம் வந்திருக்கும்.

அந்த இரண்டு மூன்று மணி நேரம் ஆயுள் முழுக்க நீண்டுவிட்டால்? தாடைக் கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு வந்தது புற்று இல்லை. கட்டியும் போய்விட்டது. ஆனால் கீழுதட்டின் ஒரு பாதியும் முகவாயும் மரத்தது மரத்ததுதான். உதட்டோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பதை எதிரே உட்கார்ந்திருப்பவர் ஜாடை காட்டினால்தான் தெரியும். எச்சில் வழிவது தெரியாது. சவரம் செய்யும்போது பிளேடு கீறினால் ரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியும். சுடச்சுட எண்ணெய் புரோட்டாவைப் பிய்த்து வாயில் வைக்கும்போது சூட்டை நாக்குதான் சொல்ல வேண்டும், உதடு சொல்லாது. சீவாளியை உதட்டில் கவ்வி வாசிக்கும் நாகசுரக் கலைஞர் என்றால் பிழைப்பே கேள்விக்குறி.

புற்று என்றால் உயிரைக் காப்பாற்ற எதை இழந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளலாம். உயிரை எடுக்காத கட்டிக்காக உதட்டின் உணர்வை இழக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. இதற்கு அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் விடை, கட்டியின் பெயரைப் பொறுத்து மாறும்.

முதலில் அந்த நரம்பைப் பார்த்துவிடலாம். முழங்கையில் ஊசி போட நர்ஸ் தேடும் 'நரம்பு' ரத்தக் குழாய்; இங்கே பேசுவது உணர்வைக் கடத்தும் நரம்பைப் பற்றி. முகத்தின் தொடு உணர்வை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. அது மூன்று பெரிய கிளைகளாகப் பிரிகிறது. மூன்றாம் கிளையின் ஒரு பிரிவு, கடைசிப் பல்லுக்கும் பின்னால், கீழ்த்தாடையின் உட்பக்கத்தில் உள்ள ஒரு துளை வழியாக எலும்புக்குள் நுழைகிறது. அங்கிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் எலும்புக் கால்வாயில், பல் வேர்களுக்குக் கீழே முன்னோக்கி ஓடுகிறது. போகிற வழியில் ஒவ்வொரு கீழ்ப்பல்லுக்கும் இழை கொடுக்கிறது. முன்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அருகே இன்னொரு சிறு துளை வழியாக வெளியே வந்து, உதட்டுக்கும் முகவாய்க்கும் விசிறியாக விரிகிறது. கீழ்ப்பல் நரம்பு என்று தமிழில் சொல்லலாம். பல் பிடுங்குவதற்கு முன் டாக்டர் வாயின் கோடிக்குள் போடும் ஊசி, இந்த நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலுக்குப் பக்கத்தில்தான் மருந்தை விடுகிறது. பல்லுக்குப் போட்ட ஊசியில் உதடு மரப்பது அதனால்தான். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1884 வாக்கில் கொக்கெயின் கொண்டு செய்து காட்டிய முறை இது. மருந்து மாறிவிட்டது, ஊசி போடும் இடம் இன்றும் ஏறக்குறைய அதுதான்.

புது வீடுகளில் சுவருக்குள் குழாய் பதித்து அதற்குள் வயர் இழுக்கிறார்களே, தாடைக்குள் இந்த நரம்பு இருப்பதும் அப்படித்தான். சுவரை உடைக்க வேண்டி வந்தால் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது, வயர் எந்தப் பக்கம் போகிறது என்பது. தாடை அறுவையிலும் அதுவே முதல் கேள்வி.

இனி கட்டிகள். மற்ற எலும்புகளில் காணாத வகைக் கட்டிகள் தாடையில் மட்டும் வருவதற்குக் காரணம், பல் உற்பத்தியாகும் எலும்பு இது ஒன்றுதான். குழந்தை கருவில் இருக்கும்போதே பல் உருவாக்கும் திசுக்கள் தாடைக்குள் இறங்கிவிடுகின்றன. பல் முளைத்த பிறகும் அவற்றின் மிச்சங்கள் எலும்புக்குள் அங்கங்கே தங்கிவிடும். அவை எப்போதோ திரும்ப விழித்துக்கொண்டு வளர ஆரம்பித்தால் பல்சார்ந்த கட்டிகளும் நீர்க்கட்டிகளும் வருகின்றன. "நான் வெத்தலை பாக்குகூடப் போட்டதில்லையே, எனக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. புகையிலை கொண்டுவருவது வாய்ப்புற்றை. இந்தக் கட்டிகளுக்கும் அதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இன்னொரு சந்தேகமும் வரும்: பட்டாசு மருந்திலே வேலை பார்த்ததால் தாடை வீங்கியிருக்குமோ? இந்தக் கட்டிகளைப் பொறுத்தவரை அதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பழைய நிஜம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகிப்போனது. சீழ் வடிந்து, நாற்றமெடுத்து, தாடையையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. 1888இல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் இந்தக் கொடுமையை உலகம் அறியச் செய்தது. 1906இல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவில் 1913இல் தனிச் சட்டமே வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆரம்பித்ததோ 1920களில். தடை வந்த பிறகு பிறந்த தொழில் என்பதால் அந்தத் தாடை அழுகல் நோய் நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்களின் கதையாக ஆகவில்லை. வேறு துயரங்கள் இங்கே நிறைய உண்டு. இது ஒன்று தப்பியது.

புற்றல்லாத தாடைக் கட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பெரும்பாலும் நரம்பைத் தின்னாது, தள்ளும். மெதுவாக, வருடக்கணக்கில் வளர்வதால் நரம்புக்கு ஒதுங்க அவகாசம் கிடைக்கிறது. கால்வாயோடு சேர்ந்து தாடையின் அடி விளிம்பு வரைக்கும்கூட அது இறங்கிப் போயிருக்கும். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கன்னம் புடைத்திருந்தும் உதட்டுணர்வு முழுதாக இருக்கும் நோயாளிகளை வாய் அறுவை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். இதற்கு நேர்மாறான நிலைதான் கவலைக்குரியது: வீக்கம் சிறிதாக இருக்கிறது, அல்லது வீக்கமே இல்லை, ஆனால் உதடும் முகவாயும் காரணமில்லாமல் மரத்துக் கிடக்கின்றன. அப்போது புற்று, அல்லது உடலில் வேறெங்கோ உள்ள புற்று தாடைக்குப் பரவியது என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். ஊசி போடாமலே உதடு மரத்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வலிக்காத வீக்கத்தைத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு விடுவார்கள். அடுத்து ஒரு பத்து. அதுவும் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக். பொன்னுக்கு வீங்கி என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிட வேண்டும். எலும்பே புடைத்த வீக்கம் கல்லாக இருக்கும், வடியாது.

தமிழ்நாட்டில் தாடைக் கட்டி ஒன்று உலகச் செய்தியானது 2019 ஜூலையில். ஏழு வயதுப் பையன். வலது கீழ்த்தாடையில் வீக்கம். மூன்று வயதிலேயே பெற்றோர் கவனித்திருந்தார்கள். அப்போது சோதனைக்குப் பையன் ஒத்துழைக்கவில்லை. வீக்கம் பெரிதானதும் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் தெரிந்தது ஒரு பை, அதற்குள் பற்கள். எடுத்த பை ஏறத்தாழ 200 கிராம். நோய்க்குறியியல் துறையினர் பிரித்து எண்ணியபோது 526 பற்கள். மிகச் சிறியது 0.1 மில்லிமீட்டர், பெரியது 15 மில்லிமீட்டர். இத்துணூண்டு பல்லிலும் பல்லின் அமைப்பு இருந்தது என்று துறைத் தலைவர் பிரதிபா ரமணி அப்போது விளக்கினார். இந்த வகைக்கு ஓடோன்டோமா என்று பெயர். இதற்கு முன் 2014இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பதினேழு வயது இளைஞரின் தாடையிலிருந்து 232 பற்களை எடுத்ததும் பெரிய செய்தியானது.

பத்திரிகைகள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிட்டன. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது அறுவை செய்த மருத்துவர் செந்தில்நாதன் சொன்ன ஒரு விவரம். தாடையின் பக்கச் சுவரை உடைக்காமல், மேலிருந்து துளையிட்டு இறங்கி, பையை எடுத்தார்கள். அதனால் எலும்பை மறுபடி கட்டியெழுப்பும் தேவை வரவில்லை. கீழ்த்தாடை ஓடோன்டோமா வழக்கமாக நரம்புக் கால்வாய்க்கு மேலே உட்கார்ந்து அதைக் கீழே தள்ளும். மேல் வழியாக இறங்கினால் முதலில் எட்டுவது கட்டியை. நரம்பு அடியில் கிடக்கும். தவிர, ஓடோன்டோமாவுக்கு மெல்லிய உறை உண்டு. உறையோடு கழன்று வந்துவிடும்; திரும்ப வருவது அபூர்வம். ஆகவே இங்கே சுற்றியுள்ள எலும்பையோ நரம்பையோ சேர்த்து வெட்ட ஒரு நியாயமும் இல்லை. அறுவைக்குப் பிறகு பையனுக்கு 21 பற்கள் மிஞ்சின.

எல்லாக் கட்டியும் இப்படி மரியாதையாகக் கழன்று வருவதில்லை. அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி இதற்கு நேர் எதிர். பல்லின் மேற்பூச்சான எனாமலை உருவாக்கும் திசுவின் வம்சம் அது. பத்தில் எட்டு கீழ்த்தாடையில்தான் வரும், அதுவும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்புறம், அதாவது நரம்பின் வீட்டு வாசலில். எக்ஸ்ரேயில் சோப்பு நுரையாகக் குமிழ் குமிழாகத் தெரியும். பெயரளவில் தீங்கற்றது, வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தில் எலும்பின் இடுக்குகளுக்குள் விரல் நீட்டும். எக்ஸ்ரேயில் கட்டி முடிகிற கோட்டையும் தாண்டிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு அதன் நுண்ணிய தீவுகள் எலும்புக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே சுரண்டி மட்டும் எடுத்தால், வழக்கமான வகை அமெலோபிளாஸ்டோமா பத்தில் ஏறக்குறைய நால்வருக்குத் திரும்ப வருகிறது. ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் விளிம்பாகச் சேர்த்து வெட்டினால் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்குகிறது.

இங்கேதான் மனசு இரண்டுபடும். நரம்பைக் காப்பாற்றச் சுரண்டி எடுத்தால் கட்டி திரும்பலாம். திரும்பிய கட்டிக்கு மறுபடி கத்தி வைக்கும்போது தழும்புத் திசுவுக்குள் சிக்கிய நரம்பைப் பிரிப்பது முதல் முறையைவிடப் பல மடங்கு கடினம். முதலில் காப்பாற்றிய நரம்பு இரண்டாவதில் போகும், கூடவே அரைத் தாடையும் போகும். எனவே எனது கட்சி இது: நரம்பு மேல் இரக்கப்பட்டு வழக்கமான அமெலோபிளாஸ்டோமாவை மிச்சம் வைப்பது நோயாளிக்குச் செய்யும் நன்மை ஆகாது. அதேபோல, ஓடோன்டோமாவுக்கும் சாதாரண நீர்க்கட்டிக்கும் நரம்பைப் பலி கொடுப்பது மன்னிக்கத் தக்கதும் அல்ல. எது எந்தக் கட்டி என்பதைச் சொல்வது அறுவைக்கு முன் எடுக்கும் துளி சதை. பயாப்ஸி எடுக்காமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து நேரே தியேட்டருக்குப் போகிற அறுவையில், நரம்பு தப்பினாலும் அது அதிர்ஷ்டம்.

ஓடோன்டோமாவுக்கும் வழக்கமான அமெலோபிளாஸ்டோமாவுக்கும் நடுவே ஒரு பெரிய நிலப்பரப்பு உண்டு: பெரிய நீர்க்கட்டிகள், கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டி வகை, ஒற்றைப் பை வடிவ அமெலோபிளாஸ்டோமா. இவற்றில் பொறுமைக்குப் பலன் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892இல் எழுதிய உத்தி இன்றும் கைகொடுக்கிறது. கட்டியை முழுதாக எடுக்காமல் அதன் சுவரில் வாய்ப் பக்கமாக ஒரு ஜன்னல் திறந்து, அது மூடிவிடாதபடி ஒரு சிறு குழாயோ அடைப்போ வைத்துவிடுவது. உள்ளே அழுத்தம் இறங்கியதும் பை சுருங்கும். சுற்றிலும் புது எலும்பு வளரும். நோயாளி தினமும் சிரிஞ்சால் உப்புத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். மாதக் கணக்கில் ஆகும். ஆனால் முதல் நாள் கட்டியோடு ஒட்டிக் கிடந்த நரம்புக்கும் பைக்கும் நடுவில், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பார்த்தால், எலும்பு வந்து நிற்கும். அப்போது மிச்சத்தை எடுப்பது எளிது. குழந்தைகளுக்கு இந்த முறை தாடையையும் முளைக்காத பற்களையும்கூடக் காப்பாற்றித் தருகிறது. இதன் ஒரே பலவீனம் மனிதர்கள். குழாய் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனவர் வீக்கம் வடிந்ததும் திரும்ப வர மாட்டார். சீசன் நேரத்தில் லீவு எடுத்தால் கூலி போகும் என்பது பட்டாசு ஆலைத் தொழிலாளியின் கணக்கு. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் டாக்டர் சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கெரட்டோசிஸ்ட்டை எடுத்த குழியில் மிச்சச் செல்களைக் கொல்ல கார்னாய் திரவம் தடவும் வழக்கம் உண்டு. ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு கலந்த கடும் திரவம். ஐந்து நிமிடத்தில் எலும்புக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும். குழியின் அடியில் நரம்பு அம்மணமாகத் தெரிந்தால் அதன் மேல் இது படக் கூடாது. சில நிமிடத் தொடர்பே நரம்பைக் கெடுக்கும். குளோரோஃபார்மை நீக்கிய வடிவம் பல இடங்களில் இப்போது புழங்குகிறது.

இனி தியேட்டருக்குள். கட்டி நரம்புக்கு மேலேயும் பக்கத்திலும் படர்ந்திருக்கிறது, நரம்பைக் காப்பாற்றலாம் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறுவை மருத்துவர் நரம்பைத் தேடித் தாடைக்குள் நேரடியாக இறங்க மாட்டார். நரம்பு வெளியே தலைகாட்டும் அந்த முன் துளையில் ஆரம்பிப்பார். அங்கே நரம்பு கண்ணுக்குத் தெரியும்: வெளிறிய தந்த நிறத்தில், மேலே மெல்லிய ரத்த நாளம் ஓடும் இழை. அந்த இடத்திலிருந்து பின்னோக்கி வெளிப்புற எலும்பை ஒரு ஜன்னலாக வெட்டித் திறப்பார். உள்ளிருக்கும் நரம்பின் அடியில் மென்மையான ரப்பர் நாடாவைக் கொடுத்து, கால்வாயிலிருந்து பூப்போலத் தூக்கி ஓரமாக நிறுத்துவார். இப்போது கட்டியை எடுக்கலாம். எடுத்த பிறகு நரம்பு மீண்டும் தன் படுக்கையில் கிடத்தப்படும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலே நரம்புக்கு வரும் ரத்தம் தடைபடும். உதவியாளர் கை அசந்தால் போதும்.

எலும்பை வெட்டச் சுழலும் துளைமுனையை (பர்) பயன்படுத்தினால் அது எலும்பையும் நரம்பையும் பேதம் பார்க்காது. சுற்றி இழுத்துவிடும். இத்தாலியப் பல் மருத்துவர் தோமாசோ வெர்செல்லோட்டி வளர்த்தெடுத்த பியசோ கருவி வேறு மாதிரி. நொடிக்கு 25,000 முதல் 30,000 முறை அதிரும் முனை கடினமான எலும்பை வெட்டும். மென்திசு அந்த அதிர்வோடு சேர்ந்து ஆடிக் கொடுப்பதால் வெட்டுப்படாது. அழுத்தம் கொடுத்தாலோ தண்ணீர் போதாமல் சூடேறினாலோ அதுவும் சுடும். மந்திரக்கோல் என்று நம்பிவிடக் கூடாது. வேகம் குறைவு என்ற குறையும் உண்டு.

கட்டி பெரிதாகி, தாடையின் ஒரு துண்டையே எடுத்தாக வேண்டும் என்ற நிலையில்கூட நரம்பைக் காக்க வழி தேடியிருக்கிறார்கள். 1970இல் ஆர். பெக்கர் என்ற மருத்துவர், தாடைத் துண்டை வெட்டி நீக்கியும் நரம்பை மட்டும் தக்கவைக்கும் முறையை வெளியிட்டார். கால்வாயிலிருந்து நரம்பை முழு நீளத்துக்கும் விடுவித்துவிட்டு, எலும்பை மட்டும் எடுப்பது. இன்னொரு வகையில், முன்துளைக்கு அருகே நரம்பை ஒரே ஒரு வெட்டாக வெட்டி, பின்னால் உருவிக்கொண்டு, எலும்பை எடுத்த பிறகு முன்னே கொண்டுவந்து நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்து இணைக்கிறார்கள். எலும்பு போன இடத்தில் டைட்டேனியம் தகடு. பலருக்குக் காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வந்து தாடையாக வளைத்து வைக்கிறார்கள். நரம்பையும் விட முடியாது, கட்டி அதை முழுசாகச் சுற்றிக்கொண்டது என்றால், வெட்டிவிட்டுக் காலிலோ காதுக்குக் கீழோ உள்ள உணர்வு நரம்பின் ஒரு துண்டை ஒட்டுப் போடும் வழியும் இருக்கிறது. வழக்கமான அமெலோபிளாஸ்டோமா நரம்பைச் சுற்றியிருக்கும்போது நரம்பை உருவி வைப்பது சரியா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. செல்கள் நரம்பின் உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு தரப்பு. விளிம்பு சுத்தமாக இருந்தால் நரம்பு ஏன் போக வேண்டும் என்பது மறு தரப்பு.

உணர்வு நரம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு நரம்பு மறந்துபோகும். உதட்டைக் கீழே இழுத்து அசைப்பது ஏழாம் மூளை நரம்பின் ஒரு மெல்லிய கிளை. கழுத்துப் பக்கமாகத் தோலைக் கீறித் தாடைக்குள் போகும்போது அது குறுக்கே வரும். அது அறுந்தால் சிரிக்கும்போது வாய் கோணும். உதடு மரப்பது நோயாளிக்கு மட்டும் தெரியும், வாய் கோணுவது ஊருக்கே தெரியும். டிங்மன், கிராப் என்ற இருவர் 1962இல் நூறு பாதி முகங்களை அறுத்துப் பார்த்து வரைபடம் தந்தார்கள். முகத் தமனிக்குப் பின்புறம் நூற்றில் 81இல் அந்த நரம்பு தாடையின் கீழ் விளிம்புக்கு மேலேயே ஓடியது. மீதியில் விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் வரை இறங்கியிருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டுக் கீறு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதன் கணக்கு இதுதான். வாய்க்குள்ளிருந்தே கட்டியை எட்ட முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அறுவை முடிந்து கண் விழித்ததும் உதடு மரத்திருந்தால் நரம்பு போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. பிரிட்டிஷ் மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943இல் நரம்புக் காயத்தை மூன்றாக வகுத்தார். முதலாவதில் நரம்பு அதிர்ந்து வேலைநிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். நாட்களிலோ வாரங்களிலோ திரும்பிவிடும். இரண்டாவதில் உள்ளிருக்கும் இழை அறுந்திருக்கும், உறை பிழைத்திருக்கும்; இழை உறைக்குள் மெல்ல வளர்ந்து வரும். மூன்றாவதில் இரண்டுமே அறுந்திருக்கும், தைக்காமல் சேராது. வளரும் வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். கடைவாயிலிருந்து முகவாய் வரை ஏழெட்டு சென்டிமீட்டர் என்றால் குறைந்தது இரண்டரை மாதம். நடைமுறையில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். இடையில் உதட்டில் எறும்பு ஊறுவது போலவும் ஊசி குத்துவது போலவும் தோன்றும். நோயாளிகள் பயந்து வருவது இதற்குத்தான். டாக்டர்கள் காத்திருப்பதும் இதற்குத்தான். நரம்பு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சோதிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம்: பஞ்சுத் திரியால் வருடுவது, ஊசிமுனை, குளிர்ந்த கண்ணாடி, இரண்டு முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றா இரண்டா என்று கேட்பது. அறுவைக்கு முன்பும் இதே சோதனையைச் செய்து கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். நிறைய இடங்களில் இந்த ஐந்து நிமிட வேலை விட்டுப்போகிறது.

கத்தியே இல்லாத ஒரு வழியும் தூரத்தில் தெரிகிறது. 2014இல் கீழ்த்தாடை அமெலோபிளாஸ்டோமாக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரே ஒரு குறிப்பிட்ட பிறழ்வு இருப்பது கண்டறியப்பட்டது. சில தோல் புற்றுகளிலும் அதே பிறழ்வுதான். அதற்கு மாத்திரை ஏற்கெனவே இருந்தது. இஸ்ரேல் மருத்துவர்கள் சிறுவர்களுக்கு முதலில் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, தாடை எலும்பு திரும்ப வளர்வதைக் காட்டியிருக்கிறார்கள். விலையும் பக்கவிளைவும் நம் ஊருக்கு இன்னும் எட்டாக் கனி. ஆனால் பயாப்ஸி எடுத்த சதையில் அந்தப் பிறழ்வு உண்டா என்று பார்க்கச் சொல்வது இனிமேல் வழக்கமாகும்.

விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். ஒருகாலத்தில் தாடை வீக்கம் என்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக விருதுநகர் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. சூலக்கரைக்காரருக்கு அது பக்கத்து ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர்களில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குச் சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவை என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரிகளும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் அறுவை வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 104க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

மூன்று வாரம் தாண்டியும் வடியாத தாடை வீக்கம், காரணமில்லாமல் ஆடும் கடைவாய்ப் பல், பொய்ப்பல் செட் திடீரென்று உட்காராமல் போவது: இவற்றில் எது இருந்தாலும் ஒரு ஓ.பி.ஜி. எடுத்துவிடுங்கள். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் அந்த எக்ஸ்ரே அரை நிமிட வேலை. கட்டி தெரிந்தால், அது நரம்பைத் தொடுகிறதா, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று முப்பரிமாணமாகப் பார்க்க கோன் பீம் சி.டி. தேவைப்படும். கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: "பயாப்ஸியில என்ன பேர் வந்திருக்கு டாக்டர்? நரம்பு எந்தப் பக்கம் இருக்கு? அதைக் காப்பாத்த முடியுமா, முடியாதுன்னா ஏன்?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்.

ஒரு விஷயம் கடைசியாக. அமெலோபிளாஸ்டோமாவும் கெரட்டோசிஸ்ட்டும் பத்து வருடம் கழித்தும் திரும்ப வந்ததுண்டு. உதட்டுணர்வு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஃபாலோ-அப்பை விட்டுவிடாதீர்கள். முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு ஒரு படம், பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில். பயாப்ஸி தாளையும் பழைய ஓ.பி.ஜி. படங்களையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.